அகழி வற்றிய கோடை

அத்தியாயம் 11

"கார்டு வந்தா தடயம்னு சொல்லுவாங்க. கார்டு வரலைங்கிறதை தடயம்னு சொல்றது நீங்க ஒருத்தர்தான் மிஸ்."

லென் பெட்டிட் தன் கையிலிருந்த சாண்ட்விச்சை வேன் ஜன்னலுக்கு வெளியே நீட்டி, அதன்மேல் உட்கார்ந்திருந்த மூன்று சிவப்புப் பூச்சிகளை ஊதித் தள்ளினான். அந்த ஆகஸ்டில் இங்கிலாந்தின் சஃபோக் மாவட்டம் முழுக்க எங்கே கை வைத்தாலும் லேடிபேர்ட் பூச்சிகள். மே மாதத்துக்குப் பிறகு ஒரு சொட்டு மழை இல்லை. 1976-ஐப் போல ஒரு கோடையை யாரும் பார்த்ததில்லை என்று ரேடியோ தினமும் சொல்லிக்கொண்டிருந்தது.

"சாப்பிடறியா, பூச்சிக்கு விருந்து வைக்கறியா?" என்றாள் நோரா தர்லோ. அவள் மடியில் பன்னிரண்டு கிறிஸ்துமஸ் கார்டுகள் இருந்தன.

நோராவுக்கு ஐம்பத்திரண்டு வயது. இருபது வருடம் இப்ஸ்விச் தபால் நிலையத்தில் கடிதங்களை ஊர்வாரியாகப் பிரித்துப் போட்டவள். முத்திரையைப் பார்த்தே எழுதியவன் பொய்யனா என்று சொல்லிவிடுவாள் என்று அங்கே பேச்சு. அந்தப் பேச்சை நம்பித்தான் துப்பறியும் அலுவலகம் திறந்தாள். அதை நம்பாமலேயே உதவியாளனாகச் சேர்ந்தவன் லென். முன்பு ரொட்டி வேன் ஓட்டியவன். வேலை போனாலும் வேனை விடவில்லை. ஏறி உட்கார்ந்தால் இன்னமும் ரொட்டி வாசனை அடிக்கும்.

"சரி, ஒருதடவை முழுசாச் சொல்லிப் பாரு," என்றாள் நோரா.

"பாடம் ஒப்பிக்கணுமா? சரி. நம்ம ஆளு வில்ஃப்ரெட் கெரிட்ஜ். வயசு எழுபத்தொண்ணு. மார்லிங்ஃபீல்ட் கிராமத்துல அகழிப் பண்ணைக்குச் சொந்தக்காரர். ஒரே பொண்ணு மேவிஸ். 1963 பிப்ரவரி, அந்தப் பேய்க்குளிர்ல, பத்தொம்பது வயசுல காணாமப் போச்சு. அமெரிக்க விமானப்படைக்காரன் ஒருத்தனோட ஓடிப்போச்சுன்னு ஊர் முழுக்கச் சொல்லுது. வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்கு ஓஹையோவிலிருந்து கார்டு வந்துச்சு. நல்லா இருக்கேன், தேட வேண்டாம்னு ரெண்டு வரி. போன வருஷம் மட்டும் வரல. கெரிட்ஜுக்கு வயித்துல கட்டி. அடுத்த கிறிஸ்துமஸைப் பார்க்கறதே கஷ்டம்னு டாக்டர் சொல்லிட்டார். அதுக்குள்ள பொண்ணைக் கண்டுபிடிச்சுத் தாங்கன்னு பத்து நாள் முன்னாடி நம்ம வாசல்ல வந்து நின்னார்."

"போன வருஷம் வேற என்ன நடந்துச்சு?"

"அக்டோபர்ல அவர் பொண்டாட்டி எடித் இறந்துட்டாங்க." லென் மெல்லுவதை நிறுத்தினான். "ஓ."

"இப்ப இதைப் பாரு."

அவள் நீட்டிய கார்டில் பனி மூடிய தோட்டம். மண்ணில் குத்தி நிற்கும் மண்வெட்டி. அதன் பிடியில் குண்டாக, மார்பு சிவந்த ஒரு குட்டி ராபின் பறவை.

"அழகா இருக்கு."

"ராபின்னு அமெரிக்காவுலயும் ஒரு பறவை இருக்கு. ஆனா அது இது இல்ல. புறாவுல பாதி இருக்கும். இந்தக் குட்டி அங்கே கிடையாது, கிறிஸ்துமஸ் கார்டுல போடற பழக்கமும் அங்கே கிடையாது. பன்னிரண்டு கார்டுல ஒன்பதுல இதே பறவை. பின்பக்கம் திருப்பு."

லென் திருப்பினான். கீழே ஓர் அங்குலம் கத்தரிக்கோலால் நறுக்கப்பட்டிருந்தது. பன்னிரண்டிலும் அப்படியே.

"அச்சடிச்ச கம்பெனி பேரு இருக்கிற இடம்," என்றாள் நோரா. "தபால்தலை அசல். முத்திரையும் அசல். கார்டு மட்டும் இந்த ஊர்க் கடையில வாங்கினது. இங்கே எழுதி, ஒரு உறைக்குள்ள போட்டு ஓஹையோவுக்கு அனுப்பி, அங்கிருந்து ஒருத்தர் மறுபடி இங்கே தபால்ல போட்டிருக்கார்."

"எழுத்து மேவிஸோடதுன்னு கெரிட்ஜ் சொன்னாரே?"

"மேவிஸுக்கு எழுதக் கத்துக்கொடுத்தது யாரு? அவ அம்மா."

அன்று காலை ஓஹையோவுக்குப் போட்ட போன் லெனுக்கும் நினைவில் இருந்தது. அந்த விமானப்படைக்காரன் டேலுக்கு இப்போது வேறு மனைவி, மூன்று குழந்தைகள். அவன் பேசியது இரண்டே வாக்கியம். "மேவிஸ் இங்கே வந்ததே இல்ல. மத்ததை எடித் அம்மாகிட்டயே கேளுங்க." எடித் இறந்துவிட்டாள் என்று நோரா சொன்னதும் லைன் துண்டிக்கப்பட்டது.

"அப்போ கடல் தாண்டிப் போய் வந்தது கார்டு மட்டும்தான்," என்றான் லென். "பொண்ணு எங்கேயும் போகல."

"வேனை எடு."

*

அகழிப் பண்ணையில் இப்போதைய வீடு அகழிக்கு வெளியே இருந்தது. உள்ளே, நாலு பக்கமும் பள்ளம் சூழ்ந்த தீவில், சில ஆப்பிள் மரங்களைத் தவிர எதுவும் இல்லை. எழுநூறு வருடம் முன்னால் அங்கே நின்ற மாளிகை எப்போதோ மண்ணோடு போய்விட்டது. சாலைப் பக்கம் மட்டும் வண்டி போகிற அளவுக்கு ஒரு மண்பாதை அகழியைக் கடந்து தீவுக்குப் போயிற்று.

"எதிரியே எட்டிப் பார்க்காத ஊருக்கு எதுக்கு மிஸ் அகழி?" என்றான் லென்.

"பக்கத்து ஊர்க்காரன் வெட்டிட்டான். அதனால இவனும் வெட்டினான். சஃபோக்ல இப்படி நூத்துக்கணக்குல இருக்கு."

"அட, எங்க தெருவுல டிவி ஆன்டெனா வெச்ச மாதிரி."

வீட்டுக் கதவு திறந்து கிடந்தது. கூப்பிட்டார்கள். பதில் இல்லை. கெரிட்ஜ் மத்தியானம் மாத்திரை போட்டுப் படுப்பார் என்று தெரியும். எழுப்ப வேண்டாம் என்றாள் நோரா. உறுதியாகாத ஒன்றைச் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை.

"யோசிச்சுப் பாரு," என்றாள். "அந்த பிப்ரவரியில வேலி உயரத்துக்குப் பனி. ரோடெல்லாம் அடைபட்டுக் கிடந்துச்சு. மேவிஸ் உயிரோட இல்லைன்னு எடித்துக்குத் தெரிஞ்சிருக்கு. இல்லைன்னா பொய்க் கார்டு எதுக்கு? அந்தப் பனியில எடித்தால ஒரு உடலை எவ்வளவு தூரம் கொண்டு போக முடியும்?"

லென் அகழியைப் பார்த்தான். மனித உயரத்துக்கு மேல் ஆழமான பள்ளம். அடியில் களிமண் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது.

"தண்ணிக்குள்ளன்னு சொல்ல வர்றேன். ஆனா தண்ணி இல்ல. ஒரு செருப்பு கூட இல்ல. மிஸ், இங்கே பாருங்க. அகழிக்குத் தலை வாரி விட்டிருக்காங்க!"

உண்மைதான். வெடித்த களிமண்மேல் வரி வரியாகத் தோட்டம் வாரும் பல்வாரியின் கோடுகள். ஒரு கை அகலம்கூட விடாமல், மூலை முடுக்கெல்லாம்.

"தொல்லியல் சங்கத்துக்காரங்க வேலையா இருக்கும்," என்று சொல்லிவிட்டு நோரா கொட்டகைப் பக்கம் நடந்தாள்.

அந்தச் சங்கம்தான் ஒரு வாரமாகத் தீவில் கயிறு கட்டிக்கொண்டிருந்தது. வறட்சியில் புல் காய்ந்ததும் பழைய மாளிகையின் படமே தரையில் தெரிய ஆரம்பித்துவிட்டதாம். அவர்கள் வரைந்த வரைபடம் கொட்டகைக் கதவில் குத்தியிருந்தது. சுவர்களுக்குக் கறுப்புக் கோடு. குப்பைக் குழிகளுக்குப் பச்சை வண்ணம், ஒன்றிலிருந்து ஏழுவரை எண். கீழே ஒரு குறிப்பு: 'திங்கட்கிழமை தோண்டல் – குழி 7.'

"காஞ்ச புல்லைப் பார்த்து இவ்வளவு கண்டுபிடிச்சிருக்காங்களா?" என்றான் லென்.

"அடியில கல் சுவர் இருந்தா மேல புல்லு முதல்ல சாகும். மஞ்சளாயிடும். அடியில தோண்டிக் கிளறின மண்ணு இருந்தா வேர் ஆழமா இறங்கும். ஊரே கருகினாலும் அங்கே மட்டும் பச்சையா நிக்கும்." நோராவின் விரல் வரைபடத்தில் மெதுவாக ஊர்ந்து நின்றது. "லென், இந்தச் சுவரெல்லாம் எந்தப் பக்கம் பார்த்துப் போகுது?"

"கோணலா. அகழி எப்படிக் கோணலோ அப்படியே."

"குழி ஒண்ணுலேர்ந்து ஆறு?"

"வட்டமா, ஒழுங்கில்லாம, யாரோ முட்டை உடைச்சு ஊத்தின மாதிரி."

"அறுநூறு வருஷப் பழசு. ஓரமெல்லாம் மழுங்கிப் போயிருக்கும். ஏழு?"

லென் குனிந்து பார்த்தான். குழி ஏழுக்கு நாலு மூலையும் கூராக இருந்தன. ஆறடி நீளம், இரண்டரை அடி அகலம். சுவர்களோடு சேராமல், அகழியோடும் சேராமல், அது மட்டும் தனியாக நேர் கிழக்கு மேற்காகக் கிடந்தது.

"இந்த ஊர்ல நேர் கிழக்கு மேற்கா இருக்கிறது ரெண்டுதான்," என்றாள் நோரா. "ஒண்ணு சர்ச்சு."

ரெண்டாவது என்னவென்று லென் கேட்கவில்லை. சர்ச்சுக்குச் சுற்றிலும் கல்லறைகள் எந்தத் திசையில் கிடக்கின்றன என்று அவனுக்குத் தெரியும்.

"கொன்னு புதைக்கிறவன் திசை பார்க்க மாட்டான் மிஸ்."

"பார்க்க மாட்டான்."

*

வீட்டுப் பக்கத்துச் சரிவில் இறங்கி, காய்ந்த அகழியைக் குறுக்கே கடந்து, இருவரும் தீவில் ஏறினார்கள். தரையெல்லாம் வைக்கோல் நிறம். நடுவில் குழி ஏழு மட்டும் யாரோ பச்சைத் துணி விரித்த மாதிரி இருந்தது. சுற்றிலும் சங்கத்துக்காரர்களின் வெள்ளைக் கயிறு.

நோரா கயிற்றைத் தாண்டக் காலைத் தூக்கினாள்.

"அங்க கால் வைக்காதீங்கம்மா!"

மண்பாதை வழியாக ஒருவர் ஓடிவந்தார். ஓடுகிற வயது இல்லை. கிளிஃபர்ட் வாட்லிங், நாற்பது வருடமாக இந்தப் பண்ணையில் மாடு பார்க்கிறவர். போன வாரம் நோரா விசாரித்தபோது 'ஆமாம்', 'இல்ல' தவிர மூன்றாவது வார்த்தை பேசாதவர்.

"ஏன் வைக்கக் கூடாது மிஸ்டர் வாட்லிங்? குப்பைக் குழிதானே?"

அவருக்கு மூச்சு வாங்கியது. தொப்பியைக் கழற்றினார். வெயிலுக்காகக் கழற்றியதாகத் தெரியவில்லை.

"திங்கக்கிழமை தோண்டப் போறாங்க," என்றாள் நோரா மெதுவாக. "முதல்ல மண்வெட்டி போடப்போறது காலேஜ் பசங்க. அவங்க கண்டுபிடிக்கணுமா? இல்ல, நீங்க சொல்றீங்களா?"

"நான் நாலு நாளாத் தூங்கலம்மா." கிளிஃபர்ட் ஆப்பிள் மரத்தைப் பிடித்துக்கொண்டார். "முதலாளியம்மாவுக்குச் சத்தியம் பண்ணிக் கொடுத்திருக்கேன்."

"எடித் அம்மா இப்ப இல்ல."

"சத்தியம் இருக்கே."

லென் ஏதோ சொல்ல வாயெடுத்தான். நோரா பார்த்த பார்வையில் மூடிக்கொண்டான்.

"அப்ப நான் சொல்றேன். தப்பா இருந்தா திருத்துங்க," என்றாள் அவள். "மேவிஸ் அன்னிக்கு நிஜமாவே புறப்பட்டா. டேல் சாலையில காத்துக்கிட்டு இருந்தான். வீட்டுப் பக்கத்துலேர்ந்து சாலைக்குக் குறுக்கு வழி அகழி மேலதான். உறைஞ்சிருந்துச்சு. ஐஸ் மேல நடந்து தீவு, தீவுலேர்ந்து மண்பாதை, அப்புறம் சாலை. ஆனா அவ தீவு வரைக்கும் வரல. சரியா?"

கிளிஃபர்ட் தலையை ஆட்டினார்.

"ரெண்டடி கனத்துக்கு ஐஸ். லாரி போனாலும் தாங்கியிருக்கும். எப்படி உடைஞ்சுச்சு?"

"உடையல." அந்த ஒரு சொல்லுக்குப் பிறகு மீதி தானாக வந்தது. "வெட்டினது. மாடு தண்ணி குடிக்கணுமேம்மா. தினம் மத்தியானம் முதலாளி கோடரி எடுத்துட்டு வந்து ஒரு ஓட்டை போடுவார். இந்தப் பக்கத்துப் பண்ணையில எல்லாம் ஒரு வழக்கம் உண்டு. ஓட்டை போட்டா பக்கத்துல ஒரு கிளையை நடணும். அரை மணியில மேல ஏடு கட்டிடும். பனி விழுந்தா ஒண்ணுமே தெரியாது. கிளை நின்னாத்தான் வர்றவங்க சுத்திப் போவாங்க. ஏழு வாரம் ஒருநாள் தவறாம நட்டவர் அவர். அன்னிக்கு மட்டும்..."

"மறந்துட்டார்."

"தீவனம் தீர்ந்துபோச்சு. மறுபடி பனி கொட்டறதுக்குள்ள ஸ்டோமார்க்கெட் டவுனுக்குப் போய்த் திரும்பணும்னு டிராக்டரை எடுத்துட்டு ஓடினார். திரும்ப முடியல. மறுநாள் காலையிலதான் வந்தார். அதுக்குள்ள..." கிளிஃபர்ட் உள்ளங்கையால் முகத்தைத் துடைத்தார். "முதலாளியம்மா கோழிக்குத் தீனி வைக்க வந்தப்ப பனி மேல பொண்ணோட துணிப்பெட்டி மட்டும் நின்னுச்சு. நான் ஏணியைப் போட்டுக் குப்புறப் படுத்துப் போனேன். அகழி சுத்தம் பண்ற நீளக் கொக்கி இருக்குல்ல, அதால..."



"போலீஸுக்குச் சொல்லியிருக்கலாமே," என்றான் லென். "விபத்துதானே அண்ணே."

"சொன்னா முதலாளிக்குத் தெரிஞ்சிரும். ஓட்டை போட்டது அவர் கை. கிளை நடாதது அவர் கை. அந்தப் பொண்ணுன்னா அவருக்கு உசிரு தம்பி. தெரிஞ்சா அன்னிக்கே கொட்டகை உத்தரத்துல தொங்கியிருப்பார். முதலாளியம்மா அழக்கூட இல்ல. என்ன செஞ்சாங்க தெரியுமா? இதோ இந்த மரத்துலேர்ந்து ஒரு கிளையை உடைச்சு ஓட்டைக்குப் பக்கத்துல நட்டாங்க. அவர் வந்து பார்த்தா தானே நட்டதா நினைச்சுக்கட்டும்னு. அதுக்கப்புறம்தான் பொண்ணு பக்கத்துல உட்கார்ந்தாங்க."

ஆப்பிள் மரத்திலிருந்து ஒரு காய் விழுந்தது. வறட்சியில் எல்லாமே பிஞ்சிலேயே விழுந்துகொண்டிருந்தன.

"டேல்கிட்ட யார் போய்ச் சொன்னது?"

"நான். சாலையில நின்னுக்கிட்டு இருந்தான். அவனும் சின்னப் பையன்தான். அமெரிக்கா போய்ச் சேர்ந்ததும் கார்டு போட்டுத் தர்றேன்னு அவனாத்தான் சொன்னான்."

நோரா முடிவெடுத்தவளாக நிமிர்ந்தாள்.

"கெரிட்ஜுக்கு இன்னும் நாலு மாசம் இருந்தா அதிகம். மேவிஸ் இல்லைன்னு சொல்லித்தான் ஆகணும், அதுக்குத்தான் அவர் என்கிட்ட வந்தார். ஆனா ஓட்டையைப் பத்தி அவருக்குத் தெரிய வேண்டாம். ஜுரம், நிமோனியா, ரோடு அடைபட்டதுல டாக்டர் வர முடியல. அப்படிச் சொல்லிடறேன்."

"நிமோனியா வேண்டாம் மிஸ் தர்லோ."

மூவரும் திரும்பினார்கள். யாரும் இல்லை.

பிறகு அகழியின் விளிம்புக்கு மேலே ஒரு வெள்ளைத் தலை தெரிந்தது. வில்ஃப்ரெட் கெரிட்ஜ் காய்ந்த அகழியின் உட்சரிவில் நின்றுகொண்டிருந்தார். கையில் பல்வாரி. எவ்வளவு நேரமாக நின்றாரோ.

லென் ஓடிப்போய்க் கை கொடுத்தான். அவர் பிடித்துக்கொண்டு ஏறினார். சட்டை தோளில் தொங்கியது, உள்ளே ஆள் பாதிதான் இருந்தார்.

"முதலாளி..." கிளிஃபர்ட் தடுமாறினார். "நீங்க கேட்டது..."

"புதுசா ஒண்ணும் கேட்கல கிளிஃப்." அவர் பல்வாரியை ஊன்றிக்கொண்டார். "நான் மறுநாள் காலையில வந்தேன். மேவிஸ் அமெரிக்காக்காரனோட போயிட்டான்னு எடித் சொன்னா. சண்டை போட்டேன், கத்தினேன். மாடு கத்துதேன்னு கோடரி எடுத்துக்கிட்டுப் போனேன். ஓட்டை மேல புதுப் பனி விழுந்திருந்துச்சு. கையால தள்ளினேன். ஓரத்துல ரெண்டு கம்பளிக் கையுறை. சிவப்பு. எடித் பின்னினது. ஐஸோட ஒட்டிப் போயிருந்துச்சு. ரெண்டும், உள்ளங்கை கீழே வெச்சு, விரலெல்லாம் விரிச்சு."

நோரா கண்களை மூடிக்கொண்டாள்.

"ஒரு கையுறைன்னா விழுந்திருக்கும்னு சொல்லலாம். ரெண்டும் அப்படி இருந்தா என்ன அர்த்தம்னு ஒரு சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும். அப்புறம் கிளையைப் பார்த்தேன். ஆப்பிள் கிளை."

"நீங்க நட்டதுன்னு நினைக்கணும்னுதான் முதலாளியம்மா..."

"நாற்பது வருஷமா என்கூட இருந்தே, நீயே கவனிக்கலியா கிளிஃப்? நான் எப்பவும் வில்லோ மரத்துலதான் வெட்டுவேன். காய்க்கிற மரத்தை ஒடிக்க மாட்டேன்." அவர் மெல்லச் சிரித்த மாதிரி இருந்தது. "அந்த நிமிஷமே எனக்கு எல்லாம் தெரிஞ்சுபோச்சு. என் பொண்ணு அடியில இருக்கா. எடித்துக்கு அது தெரியும். எனக்குத் தெரியக் கூடாதுன்னு நினைக்கிறா. கையுறையை அடுப்புல போட்டேன். வீட்டுக்குள்ள போய், அந்த அமெரிக்காக்காரனை இன்னும் ரெண்டு திட்டுத் திட்டினேன். அவளுக்கு அதுதானே வேணும்."

"அப்ப கார்டு..." என்றான் லென்.

"முதல் கார்டு வந்தப்பவே எடித் எழுத்துன்னு தெரியும் தம்பி. உரக்கப் படிச்சேன். அவ மாவு பிசைஞ்சுக்கிட்டே கேட்டா. இப்பதான் முதல்தடவை கேக்கிற மாதிரி, 'குழந்தை நல்லா இருக்காளா?'ன்னு கேட்டா. 'நல்லா இருக்காளாம்'னு சொன்னேன். ஒவ்வொரு வருஷமும் இலையுதிர் காலம் வந்தா போதும், என்ன எழுதலாம்னு யோசிக்க ஆரம்பிச்சிடுவா. உப்பு போட மறப்பா. வேலைக்கு நடுவுல நின்னு நின்னு போவா. அந்தக் கொஞ்ச நாள் மேவிஸ் எங்கேயோ இருந்தா மிஸ் தர்லோ. எங்க ரெண்டு பேருக்குமே இருந்தா. அதை நான் எதுக்குக் கெடுக்கணும்?"

நோரா அவர் பக்கம் ஓரடி வைத்தாள். "எல்லாம் தெரிஞ்ச நீங்க என்கிட்ட ஏன் வந்தீங்க?"

கெரிட்ஜ் குனிந்து அகழியைப் பார்த்தார். பல்வாரிக் கோடுகள் வெயிலில் தெளிவாகத் தெரிந்தன.

"ஜூலையில தண்ணி வத்திடுச்சு. என் அப்பா காலத்துல, தாத்தா காலத்துலகூட வத்தினதில்ல. சரி, போறதுக்கு முன்னால அவளைப் பார்த்து எடுத்து எடித் பக்கத்துல வெச்சிடலாம்னு இறங்கினேன். மூணு வாரம் வாரினேன். ஒரு பொத்தான் இல்ல. ஒரு எலும்பு இல்ல." அவர் வெறும் உள்ளங்கையைக் காட்டினார். "அப்பதான் எனக்குப் புத்தி கெட்டுப்போச்சு. தண்ணியில இல்லைன்னா? எடித் உயிரோட இழுத்துப் போட்டிருந்தா? என்மேல இருக்கிற கோபத்துல அவளை நிஜமாவே அனுப்பி வெச்சிருந்தா? கார்டெல்லாம் நிஜமா இருந்திருந்தா? பதிமூணு வருஷம் செத்துட்டான்னு நம்பினவன் மிஸ் தர்லோ, இந்த ஒரு மாசமா வாசல்ல கார் சத்தம் கேட்டா எழுந்து ஓடறேன்."

பொய் சொல்ல ஆயிரம் வழி தெரிந்த தொழில் நோராவுடையது. அன்று அவளுக்கு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை.

"கிளிஃப்," என்றார் கெரிட்ஜ். "என்னைப் பார்த்துச் சொல்லு. வெளியே எடுத்தப்ப மூச்சு இருந்துச்சா?"

"இல்ல முதலாளி."

"கொஞ்சம்கூட?"

"இல்ல முதலாளி."

அவர் தலையாட்டினார். ஏலத்தில் கடைசி விலையை ஒத்துக்கொள்கிற விவசாயி போல, ஒரே ஒருமுறை. பிறகு வெள்ளைக் கயிற்றைப் பார்த்தார்.

"தம்பி, இதை அவுத்திடறியா?"

லென் மண்டியிட்டு ஒவ்வொரு முளையாகப் பிடுங்கினான். நாலாவது முளையைப் பிடுங்கும்போது அவன் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. நோரா பார்க்காதது மாதிரி திரும்பிக்கொண்டாள்.

"ஒண்ணு மட்டும் எனக்கு விளங்கல," என்றார் கெரிட்ஜ். "தண்ணியிலதான் இருக்கான்னு நான் நம்பினதுக்குக் காரணமே அதுதான். அந்த பிப்ரவரியில கடப்பாரை போட்டாத் தீப்பொறி பறந்துச்சு. சர்ச்சுல மூணு பேரைப் புதைக்க முடியாம மார்ச் வரைக்கும் வெச்சிருந்தாங்க. நீயும் எடித்தும் எப்படித் தோண்டினீங்க?"

கிளிஃபர்ட் பச்சைப் புல்லைக் காட்டினார். "கிழங்குக் குவியல் இங்கேதானே முதலாளி இருந்துச்சு. மாட்டுக்குப் போடற கிழங்கு. நீங்கதான் மாடு ஏறாத இடம்னு தீவுல குவிக்கச் சொன்னீங்க. மேல வைக்கோல், அதுக்கு மேல மண்ணு, ஒரு ஆள் உயரம். உறைபனி அதுக்குள்ள போகவே இல்ல. ஒரு பக்கத்தைத் திறந்து கிழங்கைத் தள்ளினோம். அடியில மண்ணு உதிரி உதிரியா இருந்துச்சு. ஆவி வந்துச்சு. கால் கிழக்கே வர்ற மாதிரி நானும் அம்மாவுமா அளந்து வெட்டினோம். தெரிஞ்ச ஜெபத்தை அம்மா சொன்னாங்க."

கெரிட்ஜ் பல்வாரியைக் கீழே போட்டார். மெல்ல, ஒரு கையை ஊன்றி, புல்லின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"சில்லுன்னு இல்லையா கிளிஃப்?"

"இல்ல முதலாளி. நான் கையை வெச்சுப் பார்த்தேன். முதலாளியம்மா ரெண்டு கையையும் வெச்சுப் பார்த்துட்டுத்தான் சரின்னாங்க. பண்ணை முழுக்க அன்னிக்குக் கதகதப்பா இருந்த மண்ணு இது ஒண்ணுதான்."

"பதிமூணு குளிர்காலம்," என்றார் கெரிட்ஜ். "ஒவ்வொரு தடவை அகழி உறையும்போதும் அவ அடியில கிடந்து நடுங்கறான்னு நினைச்சேன். எடித் என் பக்கத்துலதான் படுத்திருப்பா. தூங்காமத்தான் படுத்திருப்பா."

அவர் உள்ளங்கையைப் புல்மேல் வைத்து, எடுக்காமல் அப்படியே இருந்தார்.

"மத்ததெல்லாம் மறைச்சது சரி. இதை மட்டுமாவது அவ என்கிட்ட சொல்லியிருக்கலாம்."